மீந்த பலம் யாருக்கு?



பாரம் சுமக்கிறவர் தலையில் வைக்கும் சும்மாட்டை நாம் அறிவோம். சுருட்டிய துணிதான், ஆயினும் பாரம் ஓரிடத்தில் அழுத்தாமல் பரப்பிக் கொடுக்கிறது. இன்று அதன் பேரப்பிள்ளைகள் வந்திருக்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் வார்போட்டுக் கட்டும் ஒருவகைக் கருவியில், குனியும்போது ஸ்பிரிங் இழுபட்டு, நிமிரும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. முதுகின் பாடு குறைகிறது. கைகளை உயர்த்தி வேலை செய்வோருக்கான வேறொரு வகையை, போர்டு மோட்டார் கம்பெனி 2018-ல் தன் 15 தொழிற்சாலைகளில் கொண்டுவந்தது.

நம் வெள்ளகோவிலில் பாவு பீமைத் தறிக்குத் தூக்குகிறவரும், கொப்பரை மூட்டை ஏற்றுகிறவரும் இவற்றை அணியலாமா? தாராளமாய் அணியலாம். வலியைக் குறைப்பது சோம்பேறித்தனமல்ல. சரீரம் சர்வேசுரன் தந்த கொடை. ஆனால் ஒரு கேள்வி உண்டு: கருவியால் மீந்த பலம் யாருக்குச் சொந்தம்?

“கருவி வாங்கிக் கொடுத்தேன், ஐம்பது மூட்டை தூக்கினவன் எழுபது தூக்கட்டும்” என்று முதலாளி சொல்லலாம். யோசித்துப் பாருங்கள். இடுப்பில் கட்டும் ஸ்பிரிங் முதுகுக்குத்தான் துணை. மூட்டையின் எடையில் குன்றிமணியளவும் குறைவதில்லை. முழங்காலும் பாதமும் முழுப் பாரத்தோடு கருவியின் பாரத்தையும் தாங்குகின்றன. மூட்டைகளைக் கூட்டினால், முதுகைக் காப்பாற்றி முழங்காலை விற்றதாகும். ஆகவே முதலில் சுமைக்கு வரம்பு, பிறகே கருவி. ஆண் தொழிலாளி ஒருவர் சுமப்பது 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே சிபாரிசு செய்தது. அளவு மீறி வேலை வாங்குவதை 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தமது நிருபத்தில் கண்டித்தார்.

நம் முன்னோர் வழியோரம் நட்ட சுமைதாங்கியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்தினார்கள். இறக்கிவிட ஆளில்லாத வழிப்போக்கனும் சுமையைத் தானே அதில் இறக்கி இளைப்பாறினான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன தாயின் ஞாபகமாக அதை நடுவது வழக்கம். “இளைப்பாறினாயே, இன்னொரு மூட்டை சுமப்பாயா?” என்று அந்தக் கல் எவனையும் கேட்டதில்லை.

தறிப்பட்டறையும் மண்டியும் வைத்திருப்போரே, கருவி வாங்கினால் அந்த மனதோடு வாங்குங்கள். உழைப்போரே, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசுமிடத்தில் ஆசைதான் பொல்லாத மேஸ்திரி. உங்கள் மேல் நீங்களே பாரம் கூட்டாதீர்கள். மீந்த பலம், மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு உரியது.