நான்காம் வரிப் பிழை யாருடையது?

ஏடா லவ்லேஸைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளை அடுத்தடுத்துப் படிப்பது, ஒரே சொத்து வழக்கில் எதிரெதிர் வக்கீல்கள் பேசுவதைக் கேட்பது மாதிரி. ஆவணம் எல்லாருக்கும் ஒன்றுதான்: அவர் எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள். டோரிஸ் லாங்லி மூர் 1977இல் எழுதிய புத்தகத்தில் ஏடா முதலில் கவிஞர் பைரனின் மகள். கணிதம் ஓரமாகத்தான் வருகிறது. டோரதி ஸ்டைன் 1985இல், இவருக்கு இயற்கணிதத்தின் அடிப்படையே சரியாகப் பிடிபடவில்லை என்று கையை விரிக்கிறார். பெட்டி டூல் 1992இல் அதே கடிதங்களைத் தொகுத்துப் போட்டு, இவர் தீர்க்கதரிசி என்கிறார். 2018இல் ஹாலிங்ஸ், மார்ட்டின், ரைஸ் மூவரும் ஏடா கணிதம் கற்ற தாள்களைத் திரும்பப் பார்த்து, ஸ்டைன் சொன்ன அளவுக்கு மோசமில்லை, நல்ல மாணவிதான் என்று நிதானமாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் புத்தகம். ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது ஸ்டைனின் கோபம்.

வழக்கு இதுதான். கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்கிடும் இயந்திரம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. 1840இல் அவர் இத்தாலியின் டூரின் நகரில் அதைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ஒருவரான மெனப்ரேயா என்ற பொறியாளர் (பிற்பாடு இத்தாலியின் பிரதமரானவர்) அதை 1842இல் பிரெஞ்சில் கட்டுரையாக்கினார். ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பாபேஜ் சொன்னதன் பேரில் ஏழு குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் கட்டுரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். 1843இல் அச்சானபோது ஏடாவுக்கு வயது 27. ‘ஏ.ஏ.எல்.’ என்ற மூன்று எழுத்துகள்தான் கையொப்பம். ஏழாவது குறிப்பில், பெர்னூலி எண்களை அந்த இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் என்பதற்கு ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. முதல் கணினி நிரல் என்று பலரும் காட்டுவது அதைத்தான். அது யாருடையது, ஏடாவுடையதா பாபேஜுடையதா?

அதே ஏழாவது குறிப்பில் ஏடா ஒரு தீர்ப்பும் எழுதி வைத்திருக்கிறார். இந்த இயந்திரம் எதையும் தானாகத் தொடங்கிவிடாது. எதைச் செய்யச் சொல்ல நமக்குத் தெரியுமோ அதை மட்டும் செய்யும். இது எண்களைத் தாண்டியும் போகும், இசைகூட அமைக்கலாம் என்று முதல் குறிப்பில் சொன்னவரும் அவரே. இயந்திரத்தின் மேல் இவ்வளவு ஆசை வைத்தவர், அதற்கு மூளையை மட்டும் தானம் பண்ணவில்லை. ஆனால் அவர் இறந்தபின் வந்தவர்கள் அவரையே அந்தத் தராசில் நிறுத்திவிட்டார்கள்: இந்தப் பெண் எதையாவது தானாகத் தொடங்கினாரா, அல்லது பாபேஜ் சொன்னதைச் செய்தாரா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மதக் கேள்வி இருக்கிறது. அதை எழுப்பியவர் பாபேஜ். படைப்பில் கடவுளின் வல்லமையை நிறுவ, பிரிட்ஜ்வாட்டர் பிரபு விட்டுச்சென்ற பணத்தில் எட்டு நூல்கள் எழுதப்பட்டன. யாரும் கேட்காமலே பாபேஜ் 1837இல் ஒன்பதாவதை எழுதினார். அதிலே ஒரு இயந்திரம் 1, 2, 3 என்று எண்களை வரிசையாகக் காட்டுகிறது. பத்துக் கோடியே ஒன்று வரை ஒழுங்கு மாறவில்லை. அடுத்து 10,00,00,002 வர வேண்டும், வருவதோ 10,00,10,002. பார்ப்பவருக்கு அதிசயம். இயந்திரத்தை அமைத்தவருக்கோ அது முதல் நாளே பூட்டி வைத்த விதி. கடவுளின் அற்புதங்களும் அப்படித்தான், இடையில் புகுந்து செய்தவை அல்ல, ஆதியிலேயே எழுதி வைத்தவை என்பது அவர் வாதம். தன் வீட்டு விருந்துகளுக்கு வந்தவர்களுக்குச் பகுப்பாய்வு இயந்திரத்துக்கு முந்திய ஒரு சிறிய இயந்திரத்தில் இதைச் செய்தும் காட்டினார். 1833இல், 17 வயதில், தாயோடு போய் அந்த இயந்திரத்தைப் பார்த்தவர்களில் ஏடாவும் ஒருவர்.

அழகான வாதம். ஆனால் அதன் விலை பெரியது. அற்புதமே முன்னால் எழுதப்பட்டது என்றால் மனிதர் செய்வதில் எது அவருடையது? அவனின்றி அணுவும் அசையாது என்று நம் வீடுகளில் சொல்லிவிட்டு, பிள்ளை தேர்வில் தவறினால் பிள்ளையைத்தான் திட்டுகிறோம். ஏடாவையே எடுத்துக்கொள்வோம். தந்தையின் கவிதைக் கோளாறு தொற்றக்கூடாது என்று கணிதத்தைப் புகட்டியவர் தாய். வழிகாட்டியவர் மேரி சாமர்வில். தபாலில் பாடம் நடத்தியவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806இல் நம் மதுரையில் பிறந்தவர். இயந்திரம் பாபேஜுடையது, கட்டுரை மெனப்ரேயாவுடையது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஏடா என்று என்ன மிஞ்சும்? ஸ்டைன் ஏறக்குறைய இந்தக் கழித்தலைத்தான் செய்கிறார். அதே கழித்தலைப் பாபேஜுக்குச் செய்தால் அவரும் மிஞ்சமாட்டார் என்பது என் கட்சி.

எனக்குத் தொழில் புரூஃப் பார்ப்பது. பள்ளிக் கணக்குப் புத்தகங்கள், பஞ்சாங்கம், அட்டவணை எதுவானாலும் கட்டம் கட்டமாகப் பென்சிலை ஓட்டிப் பழகிய கை. அதனால் பெர்னூலி அட்டவணையில் என் கண் போய் நின்ற இடம் நான்காம் வரி. அங்கே வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அச்சுக்கோத்தவர் செய்ததா, ஏடாவின் கைப்பிரதியிலேயே இருந்ததா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குறிப்புகள் முழுக்கப் பாபேஜுடையவை என்று வாதிடுகிறவர்கள் யாரும் இந்தப் பிழையை அவர் கணக்கில் எழுதுவதில்லை. சொத்து பாபேஜுக்கு, கடன் ஏடாவுக்கு.

பாபேஜ் 1864இல் எழுதிய தன்வரலாறு இதில் ஒரு சுவையான சாட்சி. இயற்கணித வேலையெல்லாம் ஏடாவே செய்தார், பெர்னூலி எண்களை மட்டும் சிரமம் வேண்டாமென்று நான் செய்து கொடுத்தேன், அதில் நான் செய்திருந்த பெரிய பிழையைக் கண்டுபிடித்து ஏடா திருப்பி அனுப்பினார் என்கிறார். நிரல் யாருடையது என்று சண்டை போடுகிறவர்கள் இந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பிடித்து இழுக்கிறார்கள். என் தொழிலில் இரண்டாம் பாதிக்குத்தான் மதிப்பு.

1843 கோடைக் கடிதங்களில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. தன் குறிப்பொன்றில் பாபேஜ் கை வைத்துவிட்டார் என்று தெரிந்ததும், என் வாக்கியங்களில் வேறொருவர் தலையிடுவது எனக்குத் தாங்காது என்று ஏடா சீறுகிறார். பிறகு ஆகஸ்டில், அரசாங்கம் தன்னை நடத்திய விதத்தைத் தாக்கிப் பெயரில்லாத ஒரு முன்னுரையைச் சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். அது நடக்காதபோது கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார். ஏடா மறுத்துவிட்டார். இயந்திரத்தைப் படைத்தவரிடமே, அந்த இயந்திரத்தைப் பற்றிய கட்டுரையை உங்களுக்காகத் திரும்பப் பெற மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், அது தன்னுடையது என்ற எண்ணம் உள்ளே உறைந்திருக்க வேண்டும். ஒரு செயல் ஒருவருடையதாவது அவர் அதைச் சூனியத்திலிருந்து தொடங்கியதால் அல்ல. அதற்குப் பதில் சொல்ல அவர் நிற்பதால். சூனியத்திலிருந்து தொடங்குவது கடவுளுக்கே முடியுமா என்று தத்துவவாதிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் ஏடாவின் தீர்ப்பை ‘லேடி லவ்லேஸின் ஆட்சேபம்’ என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டார். இயந்திரங்கள் என்னை அடிக்கடி வியக்க வைக்கின்றன என்பது அவர் பதில்களில் ஒன்று. நாம் புதிதாகச் செய்ததாக நினைப்பதும் யாரோ விதைத்த பாடத்தின் வளர்ச்சியாக இருக்கலாமே என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவது எனக்குப் போதவில்லை. வியப்பு பார்ப்பவரிடம் நடப்பது. 10,00,10,002ஐப் பார்த்தும் வியக்கலாம்.

இப்போது கணினி என் புரூஃபில் பிழை காட்டுகிறது. அது சொன்னதே பிழை என்று நான் காட்டினால் உடனே மன்னிப்பும் கேட்கிறது. பிழை காட்டுவதைப் பயன்படுத்திக்கொள்கிறேன். மன்னிப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காக அது எதையும் இழக்கவில்லை. ஏடாவுக்கு அந்த ஆகஸ்டில் பாபேஜின் நட்பே போயிருக்கலாம். போகவில்லை. இனிச் சேர்ந்து வேலை செய்ய ஏடா வைத்த நிபந்தனைகளைப் பாபேஜ் ஏற்கவில்லை. ஆனால் செப்டம்பரில் சாமர்செட்டில் ஏடாவின் வீட்டுக்கு வருவதாக எழுதினார். குறிப்புகள் திரும்பப் பெறப்படாமலே, நான்காம் வரிப் பிழையோடு, வெளிவந்திருந்தன.