தார் ஊற்றும் முன் ஜல்லியைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஊரெல்லாம் தார்ச்சாலை வேலை பறக்கிறது. டிப்பர் டிப்பராக ஜல்லி வந்து இறங்குகிறது. உதவிப் பொறியாளர்களே, கான்ட்ராக்டர்களே, அந்தக் குவியலை பிளான்ட்டில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தார் பூசிவிட்டால் நல்ல கல்லும் மட்டமான கல்லும் ஒரே கறுப்புதான். பிறகு மழை வந்துதான் பிரித்துக் காட்டும்.

சாலை பெயர்ந்தால் "தாரைக் குறைத்துவிட்டான்" என்றே எல்லோரும் பேசுகிறோம். கலவையின் எடையில் தார் ஏறத்தாழ ஐந்து சதவீதம். மற்றதெல்லாம் கல்லும் கல்தூளும். கருங்கல்தானே, அதைப் போய் என்ன பார்ப்பது என்கிற அலட்சியம்தான் பாதிக் கேட்டுக்குக் காரணம் என்பேன்.

முதலில் தூசி. கிரஷர் தூசி அப்பிய ஜல்லியில் தார் கல்லைப் பிடிப்பதில்லை, தூசியைத்தான் பிடிக்கிறது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விதி. ஒரு கைப்பிடி ஜல்லியை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தண்ணீர் சேறானால் அந்த லோடை லேப் முடிவு வரும்வரை தொடாதீர்கள்.

அடுத்தது வடிவம். தட்டைக் கல்லும் நீளக் கல்லும் ரோலர் ஏறியதும் முறியும். முறிந்த முகத்தில் தார் இருக்காது. தண்ணீர் அங்கேதான் நுழையும். இரண்டும் சேர்ந்து 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஜா கிரஷரில் மட்டும் உடைத்து அனுப்பும் ஜல்லியில் தட்டை மிகுதி என்பது குவாரியில் எல்லோருக்கும் தெரியும். விலை குறைவு என்பதும் தெரியும்.

வலிமைக்கு மோதல் சோதனை இருக்கிறது. சுமார் 14 கிலோ சுத்தியல், 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை அடி. நொறுங்கி 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் தூள், மேல்தள பிட்டுமினஸ் கான்கிரீட்டுக்கு 24 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகுமா?

நம் ஊரில் யாரும் தவிர்க்கக் கூடாத சோதனை வேறொன்று. தமிழ்நாட்டுக் குவாரிகளில் பெரும்பாலும் கிடைக்கும் நைஸ், சார்னோகைட் கற்களில் சிலிக்கா அதிகம். அத்தகைய கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம். தார் பூசிய கல்லை 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால் 95 சதவீதப் பரப்பிலாவது தார் ஒட்டியிருக்க வேண்டும். இதற்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம்; கண்ணாடிப் பாத்திரமும் சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியும் போதும். தார் உரிந்தால் கல்லை மாற்றுங்கள். அல்லது நீற்றிய சுண்ணாம்போ உரிவுத் தடுப்பு மருந்தோ சேர்த்து மறுபடி ஊறவைத்துப் பாருங்கள். செலவு கூடும் என்று முனகும் கான்ட்ராக்டரிடம் மறு ஒட்டுவேலையின் செலவைக் கேளுங்கள்.

இத்தனை சோதனையும் மாதிரி எடுப்பதில் ஏமாந்தால் வீண். கான்ட்ராக்டர் ஆள் கழுவி, பொறுக்கி, சாக்கில் கட்டிக் கொடுக்கும் கல் மாதிரி ஆகாது. குவியலில் பெரிய கல் உருண்டு அடிக்குப் போய்விடும். ஆகவே அடி, நடு, உச்சி என்று பல இடத்தில் நீங்களே நின்று அள்ளச் செய்யுங்கள். அள்ளியதைக் கலந்து பரப்பி, நான்காக வகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுங்கள். குவாரி மாறினால் பழைய ரிப்போர்ட் செல்லாது. தேதியை மட்டும் திருத்தி அதையே கோப்பில் கோப்பது திருட்டு. வேறு பெயர் அதற்கில்லை. பெயர்ந்த ஜல்லியில் பைக் சறுக்கி விழுகிறவனுக்கு ரிப்போர்ட்டில் உள்ள கையெழுத்து யாருடையது என்று தெரியாது, ஆனால் விழ வைத்தது அதுதான்.

ஊர்க்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசுப் பணியைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. உங்கள் தெருவில் ஜல்லி இறங்கியதும் சோதனை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ரோலர் ஓடி முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.