விற்பவனுக்குப் பங்கில்லையா?
மதுவும் சூதும் பற்றி வியாபாரிகளுக்குச் சில வார்த்தைகள்



மது அருந்துவதும் சூதாடுவதும் நம் மார்க்கத்தில் ஹராம் என்பதை ஓதப்பள்ளியில் அலிஃப் எழுதப் பழகும் குழந்தையும் அறியும். அதை நிரூபிக்க ஒரு கட்டுரை தேவையில்லை. ஆயினும் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கூடிப் பேசும்போது எழும் கேள்வி சற்று வேறு வகையானது. “நாம் குடிப்பதில்லை, நம்பர் எடுப்பதும் இல்லை. குடிப்பவனும் எடுப்பவனும் வேறு மதத்தவன். அவனுக்குப் பொருளை விற்பதாலோ, அவன் கடை நடத்த இடத்தை வாடகைக்கு விடுவதாலோ நமக்கு என்ன பாவம்?” என்பதே அக்கேள்வி. இதற்கு நேரான விடை காண வேண்டுமானால், முதலில் இத்தடை எதனால் வந்தது என்பதைச் சிறிது பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருக்குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுத்துவிடவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் பெரும் பாவமும் இருக்கிறது, மனிதருக்குச் சில பயன்களும் இருக்கின்றன, ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்ற கருத்தைச் சொல்கிறது. பிறகு அந்நிஸா 43-ஆம் வசனத்தில், போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாதென்ற கட்டளை வந்தது. இறுதியாக அல்மாயிதா 90, 91 வசனங்களில் இரண்டும் முற்றாக விலக்கப்பட்டன. மனிதருக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுவது, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது என்ற இரு காரணங்களும் அங்கேயே கூறப்பட்டன.

முதல் வசனத்தை வியாபாரி இன்னொரு முறை ஓதிப் பார்க்க வேண்டும். மதுவில் பயன் உண்டென்று இறைவனே ஒப்புக்கொள்கிறான். அப்பயன் எது? அன்றைய அரபு வணிகர்கள் மதுவை வெளியூரிலிருந்து வாங்கி வந்து இலாபத்துக்கு விற்றார்கள் என்பதையே விரிவுரையாளர்கள் முதலில் குறிப்பிடுகிறார்கள். ஆக, “இதில் நல்ல வருமானம் இருக்கிறதே” என்று இன்று நாம் எடுத்துரைக்கும் வாதம் புதியதன்று. இலாபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகுதான் தடை வந்தது.

இனி, மது என்பது எது? திராட்சைச் சாற்றிலிருந்து வருவது மட்டுமே ‘கம்ரு’ என்றும், மற்றவற்றில் போதை தராத அளவுக்கு இடமுண்டு என்றும் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஓர் அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) அதை ஏற்கவில்லை; பிற்கால ஹனபி அறிஞர்கள் மாணவரின் சொல்லையே பத்வாவாகக் கொண்டார்கள். ஷாபி மத்ஹபில் இதில் கருத்து வேற்றுமையே கிடையாது. எது அதிகமாக அருந்தினால் போதை தருமோ, அதில் சிறிதளவும் ஹராம். ஆகவே நம்மில் ராவுத்தர்களும் மரைக்காயர்களும் மத்ஹபால் வேறுபட்டாலும், பீரும் கள்ளும் சம்சுவும் எல்லாருக்கும் ஒன்றே.

இதற்காக வீணான சந்தேகத்தில் விழவும் வேண்டியதில்லை. பழச்சாற்றிலும் புளித்த உணவிலும் இயல்பாகவே சிறிது ஆல்கஹால் உண்டாகிறது. 2011-ஆம் ஆண்டு மலேசிய தேசிய பத்வாக் குழு இதை ஆராய்ந்து, மது தயாரிக்கும் நோக்கமும் முறையும் இல்லாமல் செய்யப்படும் குளிர்பானத்தில் ஆல்கஹால் 1 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அருந்தலாம் என்று தீர்ப்பளித்தது. மதுவாகவே தயாரிக்கப்பட்டது எவ்வளவு குறைவானாலும் ஆகாது. நம் மலாய்ச் சகோதரர்கள் பெருநாளுக்குச் செய்யும் தப்பாயும் இத்தீர்ப்பால் மதுப் பட்டியலில் சேரவில்லை.

சூதின் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. அறியாமைக் காலத்து அரபிகள் ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுத்துப் பங்கு போட்டு, அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். வெற்றி அம்பு வந்தவனுக்கு இறைச்சி. வெற்று அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அவ்விறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொண்டார்கள். தருமத்துக்காக ஆடிய அந்தச் சூதையே இறைவன் தடுத்தான் என்றால், “பரிசு விழுந்தால் பள்ளிவாசலுக்குப் பாதி” என்று நேர்ந்துகொள்பவரின் நிலை என்ன? தாயகத்தில் 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. சீட்டு விழாவிட்டாலும் பணம் நாட்டுக்குத்தான் போகிறது என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். கூலிக்காரன் அன்றாட வருமானத்தைச் சீட்டில் இழந்து குடும்பம் தவித்த கதைகள் பெருகிய பின், 2003-இல் அதே தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. நல்ல காரியத்தின் பெயரைச் சூட்டினாலும் சூது தன் வேலையைச் செய்தே தீரும்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம்.

ஒரு மனிதர் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு தோற்பை நிறைய மதுவை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அது தடுக்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் தெரிவித்ததும், அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ காதோடு சொன்னார். என்ன சொன்னீர் என்று நாயகம் (ஸல்) கேட்க, விற்றுவிடும்படி கூறியதாக அவர் ஒப்புக்கொண்டார். குடிப்பதைத் தடுத்தவனே விற்பதையும் தடுத்திருக்கிறான் என்று அவர்கள் உணர்த்தியதும், அவர் தோற்பையின் வாயை அவிழ்த்து அத்தனையையும் தரையில் கொட்டிவிட்டார். முஸ்லிம் ஹதீஸ் நூலில் வரும் செய்தி இது. அம்மனிதர் கெட்டவரல்லர், நட்டத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்த சாதாரண மனிதர். நம் எல்லோருக்கும் வரும் யோசனைதான் அவருக்கும் வந்தது. அதற்குத்தான் அங்கு இடம் கிடைக்கவில்லை.

மதுவின் காரணமாகச் சாபத்துக்கு ஆளாவோர் பத்துப் பேர் என்று மற்றொரு ஹதீஸ் கூறுகிறது. பிழிபவர், பிழியச் சொல்பவர், அருந்துபவர், சுமப்பவர், எவருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், எவருக்காக வாங்கப்படுகிறதோ அவர் ஆகியோரே அவர்கள். இப்பத்துப் பேரில் அருந்துபவர் ஒருவர்தாம். மற்றவர்களுள் பெரும்பாலோர் தொழிலாலும் கொடுக்கல் வாங்கலாலும் அதில் சேர்ந்தவர்கள்.

நாட்டுச் சட்டமும் இவ்வழியிலேயே எடை போட்டிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் சிலாங்கூர் ஷரீஅத் குற்றச் சட்டப்படி, மது அருந்தும் முஸ்லிமுக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி அபராதம் அல்லது 2 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். அதைத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் விற்பனைக்கு வைப்பவருக்கும் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குடிப்பவனைவிட விற்பவனுக்கே தண்டனை அதிகம். கூட்டரசுப் பிரதேசத்தில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பூச்சோங் சிலாங்கூரைச் சேர்ந்தது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். எல்லையைத் தாண்டினாலும் விற்பவனுக்கு விதி ஒன்றே.

“வாங்குபவன் முஸ்லிமல்லவே” என்ற சமாதானத்தையும் சற்று நிறுத்துப் பார்ப்போம். இன்று அடுக்குமாடிகளும் கடைவீதிகளுமாய் இருக்கும் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமுமாய் இருந்த ஊர். தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நம் மொழி பேசும் மக்கள். அவர்களுடைய கூலியில் எவ்வளவு கள்ளுக்கடைக்குப் போயிற்று என்பதை அக்காலத்து மளிகைக் கடைக்காரர்கள் தங்கள் கடன் புத்தகத்திலேயே கண்டிருப்பார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு என்று கேட்ட அவர்கள், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அவர்களில் மிகப் பலர் முஸ்லிம்களல்லர். அவர்கள் குர்ஆன் வசனத்தை மேற்கோள் காட்டி அதைக் கேட்கவில்லை. வீட்டில் அடுப்பெரியாததைக் கண்டு கேட்டார்கள். எவர் மூடச் சொல்லி அடிபட்டாரோ, அவர் பேரனுக்கே நாம் புட்டியை நீட்டிவிட்டு, “அவன் வேறு மதத்தவன்” என்று சொல்லலாமா?

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெதனால் கலந்த மலிவு மது அருந்தி 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் அவர்களில் அதிகம். மலிவு மதுவை அவர்களுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் யாரோ சில வியாபாரிகள்தாமே? பள்ளிவாசல் பதிவேட்டில் பெயரில்லாதவனின் மனைவியும் விதவைதான்.

வாடகை விஷயம் இதைவிட நுட்பமானது. அதில் உள்ள கருத்து வேற்றுமையை மறைப்பது நேர்மையாகாது. இஸ்லாமிய ஆட்சியின் நாட்டுப்புறங்களில், பிற மதத்தவர் மது விற்பதற்கு வீட்டை வாடகைக்கு விடுவதில் குற்றமில்லை என்று இமாம் அபூஹனீபா கருதியதாக ஹனபி நூல்கள் கூறுகின்றன. வாடகை கட்டடத்துக்குத்தான், அங்கு நடக்கும் செயல் வாடகைக்காரனின் சொந்த விருப்பம் என்பது அவர்கள் காட்டிய காரணம். அவர்களுடைய இரு பெரும் மாணவர்களும் இதை ஒப்பவில்லை. ஷாபி மத்ஹபில் அக்காரியத்துக்கென்றே தெரிந்து விடும் ஒப்பந்தம் கூடாது. இந்நாட்டில் பெரிதும் பின்பற்றப்படுவதும் ஷாபி மத்ஹபே.

ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். மளிகைக் கடைக்கென்று விட்ட இடத்தில் வாடகைக்காரர் ஓர் அலமாரியில் பீர் வைத்தால் அது அவர் செயல். மதுக்கூடத்துக்கென்றோ நம்பர் கடைக்கென்றோ பெயர் சொல்லிக் கேட்டவருக்கு, அதற்காகவே கூடுதல் வாடகை பேசி விட்டால், அந்தக் கூடுதல் எதன் விலை? கட்டடம் அதே கட்டடம்தானே! செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் கிடைக்காத அந்த உபரித் தொகை, புட்டியிலிருந்தும் பந்தயத்திலிருந்தும் வருவது. “கட்டடத்துக்குத்தான் வாடகை” என்ற வாதம் அவ்விடத்தில் தானாகவே விழுந்துவிடுகிறது. ஆகவே புதிதாக ஒப்பந்தம் எழுதும் சகோதரர்கள், கடைவீட்டின் உபயோகம் இன்னதென்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பழைய ஒப்பந்தம் உள்ளவர்கள் தவணை முடியும்வரை வாக்கைக் காத்து, அதன்பின் புதுப்பிக்காமல் விடலாம் என்பது நம் அபிப்பிராயம். அவரவர் ஊர் ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்க.

இதைச் சொல்வதால் பிறருடைய வாழ்க்கையில் தலையிடச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். இந்நாட்டில் பல இனத்தார் வாழ்கிறார்கள். நாட்டுச் சட்டம் அவர்களுக்கு அனுமதித்தது அவர்களுடைய விஷயம். நம் அதிகாரம் நம் கல்லாப்பெட்டியோடு முடிகிறது. ஆனால் அதற்குள் அது முழு அதிகாரம்.

சில சிறு சந்தேகங்களும் நம்மவர்களிடம் உண்டு. திருவுளச் சீட்டுப் போடுவதெல்லாம் சூதாகாது. பயணத்தில் உடன் வரும் மனைவியார் யாரென்பதை நாயகம் (ஸல்) அவர்களே சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள். பணம் வைத்து, ஒருவன் இழந்தால்தான் மற்றவன் பெறுவான் என்ற நிலை வரும்போதே அது சூது. ஆகவே விலையை ஏற்றாமல், சீட்டுக்குத் தனிக் காசு வாங்காமல், வாடிக்கையாளருக்குக் குலுக்கலில் பரிசளிப்பதைப் பல உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். சீட்டுக்கு ஒரு வெள்ளி என்று வசூலித்தால் அது லாட்டரியாகிவிடும். வியாபாரத்திலும் நட்ட ஆபத்து உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அரிசி வாங்கியவன் அரிசியோடு வீட்டுக்குப் போகிறான், விற்றவன் காசோடு போகிறான். சூதில் ஒருவன் வெறுங்கையோடு போனால்தான் கணக்கே நேராகும்.

நம் உணவகங்களுக்கு ஒரு தனி வார்த்தை. உலகக் கோப்பைக் காலத்தில் பெரிய திரை கட்டி விடிய விடியப் பந்தாட்டம் காட்டுகிறோம், தேநீர் விற்கிறது, அதில் தவறில்லை. ஆனால் மூலை மேசையில் ஒருவன் உட்கார்ந்து பந்தயப் பணம் சேர்ப்பது தெரிந்தும், நாலு ரொட்டி கூடுதலாய் விற்கிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு விஷயம். ஊரிலிருந்து வந்து நம்மிடம் வேலை பார்க்கும் பையன் முதல் பந்தயத்தை நம் கடையிலேயே, கைப்பேசியிலேயே கற்றுக்கொள்கிறான். அவன் தாய் நம்மை நம்பித்தான் அனுப்பி வைத்தாள்.

இவ்வழியில் முன்பே வந்து சேர்ந்த பணத்தை என்ன செய்வது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஹலாலும் ஹராமும் பற்றிய பகுதியில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். உரியவர் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். தெரியாவிட்டால் ஏழைகளுக்கும் பொது நன்மைக்கும் கொடுத்துவிட வேண்டும். நன்மையை எதிர்பார்த்துச் செய்யும் தருமமாக அதை எண்ணக் கூடாது. சுமையை இறக்கி வைப்பதாக எண்ண வேண்டும். ஆகையால் பளிங்குக் கல்லில் பெயர் பொறித்துக்கொள்ள அது உதவாது.

சகோதரர்களே! கடல் கடந்து வந்த நம் முன்னோர் இந்நாட்டில் சம்பாதித்த முதல் சொத்து, தராசு சரியாக இருக்கும் என்ற பெயர். அதைக் கொண்டே சீனரும் மலாய்க்காரரும் அவர்களிடம் கொள்முதல் செய்தார்கள். மாதக் கடைசியில் கணக்கெழுதும்போது ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போமாக. கேட்க அஞ்சும் வரவு ஒன்றிருந்தால், அதற்கு விடை நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

வல்ல நாயன் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் ஹலாலான ரிஸ்கைத் தந்து, அதில் பரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.