கொடுத்த பிறகு யாருடையது?

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து அரிவாள்மணை ஒன்று இருக்கிறது. கரையான் அரித்ததால் அடிக்கட்டையை ஒரு தடவை மாற்றினோம். அலகு தேய்ந்துபோய் இரண்டு தடவை மாற்றினோம். பாட்டி கை பட்டது என்று சொல்ல அதில் இப்போது ஒரு ஆணிகூடக் கிடையாது. இருந்தாலும் வருகிறவர்களிடம், 'இது பாட்டியோட அரிவாள்மணை' என்று பெருமையடித்துக்கொள்வதை நிறுத்தவில்லை. பொய்தானே சொல்கிறோம்? சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் தேடினால் இப்படி ஒன்று கிடைக்கும்.

இந்த அரிவாள்மணை விஷயம் எனக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் அக்கா பேரனின் கம்ப்யூட்டர்.

திருவான்மியூரில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். 2019-ல், ஒன்பதாவது படிக்கும்போது, கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். 'வாங்கினான்' என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். வாங்குகிறவன் வேறு ஜாதி, இவர்கள் கட்டுகிறவர்கள். பறக்கும் ரயிலில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, நடந்து ரிச்சி தெருவுக்குப் போனோம். பணப்பை தூக்க நான். கடை கடையாக ஏறி மதர்போர்டு, பிராசசர், எட்டு ஜிபி ராம் இரண்டு, ஒரு 1660 கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று தனித்தனியாக வாங்கினான். கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினேன். அன்று ராத்திரி ஹால் தரையில் பேப்பர் விரித்து, பிராசசர் மேல் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொருத்தினான். முதல் தடவை ஃபேன் சுற்றியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தை பிறந்த மாதிரி.

கட்டினவர்கள் அதோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தால் பழைய கர்ட்டன் அசிங்கமாகத் தெரியும். கர்ட்டனை மாற்றினால் சோபா கண்ணை உறுத்தும். அதே கதைதான். புது கேம் வந்தால் கார்டு போதாது. பெரிய கார்டு போட்டால் அதற்குத் தீனி போட எஸ்எம்பிஎஸ் போதாது. இரண்டையும் மாற்றினால் பிராசசர் பின்தங்குகிறது. பிராசசரை மாற்றினால் அது பழைய போர்டில் உட்காராது. புது போர்டு டிடிஆர் 5 ராம்தான் கேட்கும். பழைய டிடிஆர் 4 அந்தப் பள்ளத்தில் நுழையவே நுழையாது.

கழற்றியதெல்லாம் எங்கே போயிற்று? கொட்டிவாக்கத்தில் இருக்கும் ஒரு நண்பனிடம். ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. 2022-ல் முதலில் போனது கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும். போர்டு இல்லாமல் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? துணி சுற்றி பீரோவில் வைத்திருந்தான், ஒரு வருஷம். 2023-ல் போர்டு, பிராசசர், ராம் எல்லாம் போய்ச் சேர்ந்தன. கேபினட் இல்லை. அட்டைப்பெட்டி மேல் போர்டைப் படுக்கவைத்து, ஸ்விட்ச் இல்லாததால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு பின்களைத் தொட்டு ஆன் செய்வான். 2025 நடுவில் பேரன் கண்ணாடி வைத்த புது கேபினட் வாங்க, பழசும் கொட்டிவாக்கம் போயிற்று.

இப்போது சொல்லுங்கள். 2019-ல் நான் மடியில் வைத்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் எது? பேரன் மேஜையில் இருப்பதா, கொட்டிவாக்கத்தில் இருப்பதா?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்களாம். பலகை உளுத்தால் எடுத்துவிட்டுப் புதுப் பலகை போடுவார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று தத்துவக்காரர்கள் அடித்துக்கொண்டதை புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். 1655-ல் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் அதில் இன்னொரு சிக்கலைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்? இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் கற்பனையில் கேட்டதை நம் பையன்கள் கொட்டிவாக்கத்தில் நிஜமாகவே செய்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் கேட்டிருக்கிறார்கள். மிலிந்தர் என்ற கிரேக்க அரசரிடம் நாகசேனர் என்ற புத்த பிக்ஷு, நீங்கள் வந்த தேர் எது என்கிறார். சக்கரமா, அச்சா, நுகத்தடியா? எதுவுமே இல்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்போது நாம் வைக்கிற பெயர்தான் தேர் என்று முடிக்கிறார்.

மைக்ரோசாஃப்ட்காரர்கள் இவ்வளவு யோசிக்கவில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் விண்டோஸ் லைசென்ஸ் விஷயத்தில் அவர்கள் வைத்த விதி: எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், மதர்போர்டை மாற்றினால் அது புது கம்ப்யூட்டர். அதிலும் பழுதாகி மாற்றினால் பழசு. ஆசைப்பட்டு மாற்றினால் புதுசு! இரண்டாயிரம் வருஷ விவாதத்தை வக்கீல்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

எது அசல் என்பது பொழுதுபோகாதபோது பேச நல்ல விஷயம். நிஜமான தகராறு, யாருடையது என்பதில்தான் வருகிறது. வந்தது.

2025 கடைசியில் ராம் விலை திடீரென்று ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலகத்து ராமில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான விலையுயர்ந்த மெமரிக்கு அவர்கள் உற்பத்தியைத் திருப்பிவிட, சாதாரண கம்ப்யூட்டருக்கான ராம் சில மாதங்களில் இரண்டு மடங்கு விலையைத் தாண்டியது. பழைய டிடிஆர் 4-க்கும் கிராக்கி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பையன்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தன் முகம் கடுகடு. இன்னொருத்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, நீங்களே சொல்லுங்க. நான் குடுத்த ராம்ல ஒண்ண இவன் விக்கப் போறானாம்."

"சொல்லாம விக்கக் கூடாதுன்னுதான் உங்கிட்ட சொன்னேன்" என்றான் மற்றவன், மெதுவாக.

"கேம் ஆடறதுக்குத்தானே குடுத்தேன்? விக்கறதுக்கா குடுத்தேன்? விக்கறதுன்னா நானே வித்திருப்பேன்ல? சரி, எதுக்குடா பணம்? அதையாவது சொல்லு."

பதில் இல்லை.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான். ஓசியில் கொடுத்ததை விற்றுக் காசாக்குவது நன்றாகவா இருக்கிறது? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கும்பகோணம் ஞாபகம் வந்துவிட்டது.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் முதல் கம்ப்யூட்டரை 1998-ல் வாங்கினேன். 2003-ல் புதுசு வாங்கியதும் பழசை, கும்பகோணத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண்ணுக்குப் பார்சல் லாரியில் அனுப்பி வைத்தேன். துடைத்து, உறை போட்டு, கீபோர்டு எழுத்துகளைக்கூடச் சுத்தம் செய்து. 'நல்லா ஓடுது, ஒரு தொந்தரவும் இல்லை' என்று போனில் சொன்னேன். குடும்பத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த ஹார்டு டிஸ்க் இரண்டு மாதமாகக் கடக் கடக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக், 'எப்ப வேணா போயிடும் சார்' என்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். சொன்னால் கொடுப்பதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயம்.

ஐந்து மாதம் கழித்து அது செத்துப்போனது. கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்தவரிடம் எப்படிக் குறை சொல்வது? ராத்திரி ராத்திரியாக பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முழுசையும் மறுபடி டைப் அடித்திருக்கிறாள். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அன்று பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

கட உபநிஷத்தில் நசிகேதன் கதை எல்லோருக்கும் தெரியும். எமனிடம் போய் மரணத்தைப் பற்றிக் கேட்ட பையன். அவன் ஏன் எமனிடம் போக நேர்ந்தது என்பதை நாம் சீக்கிரம் தாண்டிவிடுவோம். அப்பா பெரிய யாகம் செய்கிறார். இருப்பதையெல்லாம் தானம் செய்ய வேண்டிய யாகம். அவர் ஓட்டிவிடும் பசுக்களைப் பையன் பார்க்கிறான். மேய்ந்து முடித்து, பால் வற்றி, இனி கன்றும் போடாத கிழட்டுப் பசுக்கள். 'அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று கேட்கிறான். திரும்பத் திரும்பக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்து, 'எமனுக்கு' என்று கத்திவிடுகிறார். பிடிபட்டவன் கோபம் அது. என் கடக் கடக் ஹார்டு டிஸ்க், பால் வற்றிய பசு. என்னிடம் கேட்க ஒரு நசிகேதன் இல்லாமல் போனான்.

திருவான்மியூர் மருந்தீஸ்வரருக்குப் பால்வண்ணநாதர் என்றும் பெயர். காமதேனு தினமும் வந்து பால் சொரிந்ததாகத் தலபுராணம். கறக்கிற மாடு கொடுத்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது, கவனியுங்கள்.

இந்த விஷயத்தில் பேரன் என்னைவிட ரொம்ப உசத்தி. அவன் கொடுத்த ஒவ்வொன்றும் கறக்கிற மாடு. கார்டைக் கொடுத்தபோது, 'இடது பக்க ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்டா, ஆனா ஓடும்' என்று சொல்லித்தான் கொடுத்தான். இந்தப் பையன்களுக்குள் அது ஒரு ஒழுக்கம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து அந்த கிரிப்டோ காசைத் தோண்டும் வேலை நின்றுபோனது. இராப்பகலாக உழைத்துச் சூடேறின கார்டுகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. விற்கிறவன் 'இது மைனிங் கார்டு' என்று சொல்லி விற்றால் மனுஷன், மறைத்து விற்றால் திருடன். அதில் இவர்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் கொடுப்பதில் இன்னொரு படி இருக்கிறது. அதில்தான் பேரன் தடுக்கினான். பொருளை அனுப்பிவிட்டான், மனசை அனுப்பவில்லை. ராம் சும்மா கிடந்தபோது அது நண்பனுடையது. விலை ஏறியதும் 'நான் குடுத்த ராம்' ஆகிவிட்டது. நாமும் இப்படித்தான். கொடுத்த புடவையை அவள் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் வருத்தம். கொடுத்த பணத்தில் அவன் டிவி வாங்கிவிட்டால் கோபம். கொடுத்ததற்கு ஒரு கயிறு கட்டி, நுனியை நம் கையில் வைத்துக்கொள்கிறோம். அதைக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. வேறு இடத்தில் கட்டி வைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேட்பவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்வீர்கள். பாடப்புத்தகம் வாங்கக் கொடுத்த பணத்தில் ஒருவன் சீட்டாடினால் கேட்கக்கூடாதா? கேட்கலாம். இன்ன காரியத்துக்கு என்று முதலிலேயே பேசிக் கொடுத்திருந்தால். இங்கே அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. விலை ஏறிய பிறகு போட்ட நிபந்தனை இது.

கும்பகோணம் கதையை இரண்டு பேரிடமும் சொன்னேன். முழுசாக. சொல்லி முடித்தபோது எனக்கே கொஞ்சம் குரல் கம்மியது.

"உனக்கு ராம் வேணுமா?" என்று பேரனைக் கேட்டேன்.

"என் போர்டுல அது நுழையாது தாத்தா."

"அப்ப எது வேணும்?"

யோசித்தான். "தெரியல. கேட்டிருக்கலாம்ல, விக்கட்டுமான்னு..."

"அவன்தான் விக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்லிட்டானே. கேட்டிருக்கணுமா? அவனோடதுதானேடா?"

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். எதற்குப் பணம் என்று எனக்கும் கேட்க ஆசைதான். அடக்கிக்கொண்டேன். அந்தப் பையன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை. வாங்கிக்கொண்டவன் தன் வீட்டுக் கஷ்டத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ராம் இலவசம் இல்லை. ரொம்ப விலை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து பறக்கும் ரயிலில் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். முதல் கடையில் சொன்ன விலைக்கே கொட்டிவாக்கத்துப் பையன் தலையாட்டிவிட்டானாம். பேரன்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னும் நாலு கடை ஏறி இறங்கி, சண்டை போட்டு, அறுநூறு ரூபாய் கூட வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

கார்டு கொடுத்தான், போர்டு கொடுத்தான், கேபினட் கொடுத்தான். ராமை மட்டும் அன்றைக்குத்தான் கொடுத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் கையில் எத்தனை கயிறு இருக்கிறது?