புன்னகை என்னும் போர்வை

கொல்கத்தா அன்னை தெரேசாவின் புன்னகையை அறியாதவர் நம்மில் யார்? அன்னை 1997இல் மறைந்தார். 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோதுதான், இறைவன் தம்மை விலக்கிவிட்டதாக உணர்ந்த இருளில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் தனித்திருந்ததை உலகம் அறிந்தது. தம் புன்னகையை அவரே ஒரு போர்வைக்கு ஒப்பிட்டிருந்தார்.

அப்படியானால் அது வேடமா? நாம் அவ்வாறு கருதவில்லை. வேடதாரி தன் நலனுக்காக முகத்தை மாற்றுகிறான். அன்னையோ, தம் இருள் பிறர்மேல் படியலாகாது என்றே சிரித்திருக்க வேண்டும்.

ஆயினும் அந்தப் போர்வையைச் சிலரிடமாவது அவர் விலக்கிக் காட்டினார். பேராயர் பெரியேவுக்கு எழுதினார். இயேசு சபைக் குரு நொய்னரிடம் மனம் திறந்தார். அவர் தந்த விளக்கத்திற்குப் பின், 1961இல், அவ்விருளையே நேசிக்கத் தொடங்கினார்.

துணை தேடுவது விசுவாசக் குறைவு அன்று. கெத்சமனியில் ஆண்டவரே மூன்று சீடரைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்களோ உறங்கிவிட்டனர்.

நம் பங்கிலும் அன்பியத்தை நடத்துபவர், துக்க வீட்டில் முதலில் வந்து நிற்பவர் என ஒருவர் உண்டு. "அவருக்கென்ன, தைரியசாலி" என்கிறோம். அவர் வீட்டுப் படியை நாம் கடைசியாக மிதித்தது திருவிழா வரி கேட்கத்தான்.