வாசற்படியில் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படும் இடமாக நம் வீட்டு வாசற்படி இன்று ஆகிவிட்டது.

இணைய அங்காடியில் பொருளைக் கேட்டு, அது வீடு வந்து சேர்ந்தபின் பணம் கொடுக்கும் வழக்கத்தையே குறிப்பிடுகின்றோம். இது முற்றிலும் புதியதன்று. இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. சென்னையிலிருந்து நூல்களை வரவழைத்த நம் முன்னோர், தபால்காரரிடம் தொகையைச் செலுத்தியே கட்டைப் பெற்றனர். 2010இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் இவ்வழியை இணைய வணிகத்திற்குக் கொணர்ந்தது. முகமறியா வணிகரிடம் முன்பணம் கொடுக்க மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்திற்கு மருந்தாக இம்முறை அமைந்தது. ஆயின், நம்மை நம்பிப் பொருளை அனுப்பும் வணிகரின் அச்சத்திற்கு மருந்து எது?

சென்ற ரமளானில் நம் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல நாணுகின்றோம். பெருநாளுக்கென்று பிள்ளைகள் ஒரே வகைத் துணியை இரு கடைகளில் கேட்டிருந்தனர். முந்தி வருவதை வைத்துக்கொள்வது அவர்கள் எண்ணம். இரண்டாவது கட்டைச் சுமந்து வந்த இளைஞர் நோன்பு திறக்கும் நேரத்தில் வாசலில் நின்றார். "வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் அத்தா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நாமும் அவ்வாறே சொன்னோம். அவர் சினக்கவில்லை, பழகியவர்போல் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கமே நம்மைச் சுட்டது.

பாராமல் வாங்கிய பொருளைக் கண்டபின் மறுக்கும் உரிமையை ஹனஃபீ மத்ஹபின் சட்டநூல்கள் வழங்குகின்றனவே என்று சிலர் வாதிடலாம். மெய்தான், அதனைக் கியாருர் ருஃயா என்பர். வாங்குவோர் ஏமாறாதிருக்கவே அவ்வுரிமை வகுக்கப்பட்டது. எடுத்துக்கொள்ளும் எண்ணமே இன்றிப் பொருளை வரவழைத்துவிட்டு, அதன் நிழலில் ஒதுங்குவது தகுமா? திரும்பும் கட்டின் போக்குவரத்துக் கூலியை யாரேனும் ஒருவர் சுமந்தே தீரவேண்டும். பெருநிறுவனம் அதனைத் தாங்கும். வீட்டிலிருந்தபடி தைத்து விற்கும் ஒரு சகோதரிக்கோ அன்றைய ஆதாயமே அதில் கரைந்துவிடும்.

ஆதலின் பொருளைக் கேட்கும்போதே நாம் ஆயத்தமாதல் வேண்டும். தொகையை ஒதுக்கிவைத்தல், வெளியே செல்ல நேர்ந்தால் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதல், மனம் மாறினால் பொருள் புறப்படுமுன்னரே தெரிவித்தல் ஆகியவை அரிய செயல்கள் அல்ல. 2016இல் யுபிஐ முறை வந்தபின், சில்லறை இல்லை என்னும் சாக்கும் வலுவிழந்துவிட்டது.

அன்று மஃரிபு தொழுகை முடிந்ததும் தெருமுனை வரை சென்று பார்த்தோம். அவ்விளைஞர் போய்விட்டிருந்தார். அதுமுதல் நம் இல்லத்தில் எதனைக் கேட்டாலும், அதற்குரிய தொகை அன்றே தனி உறையில் வைக்கப்படுகின்றது. பிறருக்குரியது அது என்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள்.