நாற்காலி மாறினால் போதுமா?

தோல்வி தொடரும்போது முதலில் ஆட்டம் காண்பது பயிற்சியாளரின் நாற்காலிதான். பதினோரு பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றிவிடலாம். லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகம் 2019-20 பருவத்தில் அப்படித்தான் மாற்றிக்கொண்டே போனது. கெய்சர், பொன்டெஸ், சிலாஸ், அமோரிம் என 4 பேர். நடுவில், ஜனவரியில், அணித்தலைவர் புரூனோ ஃபெர்னாண்டஸும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வருகிற ஒவ்வொரு பயிற்சியாளரும் முந்தையவர் போட்ட கோட்டை அழித்துத் தன் கோட்டைப் போடுகிறார். வீரரோ யார் சொன்னபடி ஓடுவது என்று, பந்து காலுக்கு வந்த பிறகு யோசிக்கிறார். அந்த அரை நொடியில் ஆட்டம் கைநழுவிவிடுகிறது.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில், ரியோ ஆவே அணியுடன் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் ஒன்றில், தடுப்பாட்டக்காரர் செபாஸ்டியன் கோட்டெஸ் 3 பெனால்டிகளுக்குக் காரணமானார். சிவப்பு அட்டை வாங்கி வெளியேறவும் செய்தார். ஸ்போர்ட்டிங் 2-3 என்று தோற்றது. சில நாட்களில் பயிற்சியாளர் கெய்சரின் வேலை போயிற்று. கோட்டெஸையும் அன்றே கழற்றிவிட்டிருந்தால் ஏன் என்று கேட்க ஆளிருந்திருக்காது. கழகம் அவரை விடவில்லை. ஒரு கோடி யூரோ கொடுத்து அழைத்துவந்த 35 வயது அமோரிமையும், பருவம் 4-ஆம் இடத்தில் முடிந்த பிறகும், விடவில்லை. யாரை மாற்றுவது என்பதை ஆத்திரமே சொல்லிவிடும்; யாரை வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் நிதானம் வேண்டும். 2021 மே மாதம் ஸ்போர்ட்டிங் 19 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவர் கோட்டெஸ்.